சட்டசபையில கேட்டு வாங்குன ஹால்ட் வண்டி

எங்க பெரியப்பா எம்மெல்லேவா இருந்தாரு. இத சொன்னா போதும், ஒடனே எல்லாரும் டாடா சுமோ, சலவ வேட்டி, பின்னாடி பத்து அல்லக்கைன்னு நெனச்சுக்குவாங்க. அந்த சீனெல்லாம் கெடையாது. முந்திரி காலத்துல கொட்ட பொறுக்க ஆளு வரலன்னா அவரே கூடைய எடுத்துட்டுத் தோப்புல எறங்கிருவாரு. சீட்டு யாருக்குன்னு கட்சியில ரெண்டு பெரிய தலைங்க அடிச்சுக்கிட்டப்ப, யாருக்கும் வேணாம்னு நடுவுல சும்மா நின்ன இவருக்குக் குடுத்துட்டாங்க. ஜெயிச்சும் தொலைச்சாரு. ஜெயிச்ச அன்னைக்கி மூஞ்சப் பாக்கணுமே, வேற ஒருத்தனோட மார்க் ஷீட்ட மாத்திக் குடுத்துட்ட மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னாரு.

டீக்கடையில அவரு வாயத் தொறந்தா கூட்டம் கூடும், அவ்ளோ நக்கல் புடிச்ச மனுசன். சட்டசபைன்னா மட்டும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். மொத தடவ எந்திரிச்சு "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சவரு, அந்த வார்த்தையிலயே ரெண்டு மூணு சுத்து சுத்திட்டு ஒக்காந்துட்டாராம். அவரே சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. அதனால எழுதி வச்சுப் படிக்கணும். யாரு எழுதுறது? நான்தான். ஜெயங்கொண்டத்துல காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் படிச்சிட்டிருந்தேன். பேச்சுப் போட்டியில வாங்குன கப்புலதான் எங்கம்மா மொளகாத்தூளு போட்டு வச்சிருந்துச்சு, அவ்ளோ கப்பு. திமிருக்குக் கேக்கவா வேணும்.

"பாப்பா, இருக்குறது கொஞ்ச நேரந்தான். மணி அடிச்சிருவாங்க"ன்னாரு. "மொதல்ல கட்சித் தலைவருக்கு நன்றி, நடுவுல ஒரு நன்றி, முடிக்கிறப்ப ஒரு நன்றி. மிச்ச எடத்துல ஊரு பிரச்சனைய போடு."

"மிச்சம்னு ஒன்னு இருக்குமா பெரியப்பா?"

"பொடி எழுத்துல எழுது."

ஊரு பிரச்சன பஸ்ஸு. எங்க ஊருக்குள்ள காலையில வண்டி வராது. ஆண்டிமடம் போற மெயின் ரோடு வரைக்கும் நடக்கணும். நடந்து போனா அங்க வர்ற வண்டி படியில பிதுங்கிட்டு வரும். பசங்க ஏணியப் புடிச்சு டாப்புல கூட ஏறிருவானுங்க. நாங்க சுடிதார் துப்பட்டாவ இழுத்துச் சொருவிக்கிட்டு அடுத்த வண்டிக்கு நிக்கணும். ஊர்ல எல்லாருமா கையெழுத்துப் போட்டு பெரியப்பாகிட்ட ஒரு மனு குடுத்தாங்க. அதுல கேட்டது ரொம்ப சிம்பிள். காலையில ஒரு வண்டி ஊருக்குள்ள வந்துட்டுப் போவணும். அவ்ளோதான்.

நைட் ஹால்ட் வண்டின்னு மாத்துனது நான்.

ஹால்ட் வண்டின்னா ராத்திரி கடைசி ட்ரிப்பு வந்து ஊர்லயே நிக்கும். டிரைவரும் கண்டக்டரும் அங்கயே படுத்துட்டு விடிகாலையில மொத ட்ரிப்பு எடுப்பாங்க. வேற எங்கயோ கெளம்பி வர்ற வண்டின்னா நம்மூருக்கு வர்றப்பவே ரொம்பியிருக்கும். நம்மூர்லயே கெளம்புச்சுன்னா காலி வண்டி. போய் ஜம்முன்னு சன்னலோரமா ஒக்காரலாம். எனக்கு சீட்டு வேணும். இவ்ளோ கேவலமான காரணந்தான். ஆனா எழுதுறப்ப "எமது பகுதி மாணவியரின் கல்விக் கனவு நனவாகிட, எமது ஊரில் இரவு தங்கி அதிகாலையில் புறப்படும் பேருந்து ஒன்றினை"ன்னு எழுதுனேன். படிச்சுப் பாத்துட்டு எனக்கே புல்லரிச்சுருச்சு. க்ளாஸ்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்.

போக்குவரத்து மானியக் கோரிக்கை வந்தப்ப பெரியப்பா படிச்சிட்டாரு. மெட்ராஸ்லேருந்து எங்க வூட்டுக்கு போன் பண்ணி, "மூணாவது நன்றிக்கு முன்னாடியே மணி அடிச்சிட்டாங்க பாப்பா, ஆனா பஸ்ஸ சொல்லிட்டேன்"ன்னாரு. அமைச்சரு ஆவன செய்யப்படும்னு பதில் சொல்லியிருக்காரு. ஆவன செய்யப்படும்னா ஒன்னும் செய்ய மாட்டாங்கன்னுதான் எங்க ஊரு அகராதி. ஆனா நான் செகண்ட் இயர் போக ஆரம்பிச்ச கையோட வண்டி வந்துருச்சு.

வந்த அன்னைக்கி பாக்கணும். முன்னாடி ரெண்டு பக்கமும் வாழக்கண்ணு, கண்ணாடியில சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சங்கா, பறை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் துண்டு போத்துனாங்க. பெரியப்பா வூட்ல பிரியாணி. மறுநாள் காலையில மொத ஆளா ஏறுனது நான். டிரைவருக்கு எதுத்தாப்புல, இஞ்சினு பக்கத்து சீட்டு. மைண்ட்ல ஒரே டயலாக்குதான் ஓடுச்சு: இது நான் எழுதுன பஸ்ஸுடா.

டிரைவரு ஒக்காந்திருந்த சீட்டு மேல ஒரு மெத்த போட்டிருந்தாரு. துண்டு துண்டா துணி வச்சுத் தச்ச மெத்த. அதுல ஊதா கலர்ல வெள்ளப் பூ போட்ட துண்டு ஒன்னு. எங்கயோ பாத்த துணியா இருக்கேன்னு யோசிச்சேன். ஆண்டிமடம் போறதுக்கு முன்னாடியே ஞாபகம் வந்துருச்சு. எங்க க்ளாஸ்ல என் பக்கத்துல ஒக்கார்ற என் ஃப்ரெண்டோட சுடிதாரு. அவங்க அம்மா டைலரு. மிச்சம் விழுற துணிய வீணாக்கவே மாட்டாங்க. பென்சில் பவுச்சு கூட அதுலதான் தச்சுக் குடுத்துச்சு அந்தம்மா.

"அண்ணே, இந்த மெத்த எங்க வாங்குனீங்க?"

"வாங்குறதா. டைலரக்கா தச்சுக் குடுத்துச்சும்மா. அந்த ஊர்லதான இத்தன வருசமா படுத்துக் கெடந்தேன்."

எந்த ஊருன்னு கேட்டேன். என் ஃப்ரெண்டு ஊரத்தான் சொன்னாரு. எங்க ஊருக்கும் அவ ஊருக்கும் நடுவுல வெறும் முந்திரித் தோப்பும் ஒரு தார் ரோடுந்தான். அதுவும் பெரியப்பா தொகுதிதான்.

"அப்ப அங்க வேற வண்டி வுட்டாச்சாண்ணே?"

அவரு கியர மாத்திட்டு என்னைய ஒரு பார்வ பாத்தாரு. "வேற வண்டிக்கு எங்கம்மா போறது? டெப்போவுல புது வண்டின்னா பெயிண்டு புதுசுன்னு அர்த்தம். அங்க நின்ன வண்டிதான் இது. இப்ப இங்க நிக்கிது."

பின்னாடி கண்டக்டரு விசிலு குடுத்தாரு. நான் சன்னலு பக்கம் திரும்பிக்கிட்டேன். அதுக்குமேல அந்த ஊதாத் துணியப் பாக்க முடியல.

அன்னைக்கி அவ ஃபர்ஸ்ட் ஹவருக்கு வரல. செகண்ட் ஹவரும் பாதி முடிஞ்சப்பறந்தான் வாசல்ல வந்து நின்னா. மூஞ்சியெல்லாம் வேர்வ, செருப்புல புழுதி. பக்கத்துல வந்து ஒக்காந்து தண்ணி குடிச்சுட்டு என் காதுல கேட்டா: "ஏன்டி, ஒங்க ஊர்ல எங்க வண்டிய கொசு கிசு கடிச்சுச்சா?"

எனக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. "எழுதுனப்ப எனக்குத் தெரியாதுடி"ன்னேன். அது நெசந்தான்.

"அது எனக்குத் தெரியும். தெரிஞ்சா நீ எழுதியிருக்க மாட்ட. சோறு போட்டீங்களா அந்த அண்ணனுக்கு? காரம் ஆவாது அவருக்கு, வயிறு புண்ணு."

அவங்க ஊர்ல டிரைவரு கண்டக்டருக்கு ராத்திரி சாப்பாடு மொற வச்சுப் போடுவாங்களாம். இன்னைக்கி ஒரு வூடுன்னா நாளைக்கி அடுத்த வூடு. மழைக்காலத்துல படுக்க ஸ்கூல் ரூமு சாவிய குடுத்துருவாங்களாம். எங்க ஊர்ல மொத நாளு பிரியாணி போட்டதோட சரி. அப்பறம் அவங்களே ஆண்டிமடத்துல பரோட்டா கட்டிக்கிட்டு வந்தாங்க. நாங்க சட்டசபையில கேட்டு வாங்குனவங்களாச்சே, எங்களுக்கு வண்டி வர்றது உரிம. உரிமைக்கு எவன் சோறு போடுவான்.

மொதல்ல பெருசா தெரியல. அப்பறம் பாத்தா டெய்லி இதே கத. அவங்க ஊருக்கு மதியத்துல ஒரு வண்டி உண்டு, அது யாருக்கு வேணும். காலையில தோப்பு வழியா நடந்து மெயின் ரோட்டுக்கு வரணும், அங்க வண்டியில எடம் கெடைக்கணும். ஃபர்ஸ்ட் ஹவரு டெய்லி போவும். செமஸ்டருக்கு எழுவத்தஞ்சு பர்சன்ட் அட்டெண்டென்ஸ் இல்லன்னா ஹால் டிக்கெட் தர மாட்டாங்க. கொஞ்சமா கொறைஞ்சா ஃபைன் கட்டித் தப்பிக்கலாம். ரொம்ப கொறைஞ்சா அந்த செமஸ்டர அடுத்த வருசம் ஜூனியருங்களோட ஒக்காந்து திரும்பப் படிக்கணும். அவங்க ஊர்லேருந்து காலேஜ் வந்த மொத பொண்ணு அவ. ஒரு வருசம் வூட்ல இருந்தா அதுக்கப்பறம் அவங்கப்பா அனுப்புவாரான்னு அவளுக்கே டவுட்டு. அந்த செமஸ்டருக்கு அவங்கம்மா ஃபைன கட்டிருச்சு. அடுத்த செமஸ்டரு இன்னும் மோசமா போய்ட்டிருந்துச்சு.

அந்தம்மா சும்மாவும் இல்ல. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்கல்ல, அதுக்கு ரெண்டு வண்டி மாறி பெரம்பலூர் போய் மனு குடுத்துட்டு வந்துச்சு. அப்ப அரியலூரு தனி மாவட்டமா இல்ல. மொதல்ல பிரிச்சாங்க, அப்பறம் பெரம்பலூரோடவே திரும்ப ஒட்ட வச்சுட்டாங்க, அதனால எதுக்கெடுத்தாலும் பெரம்பலூரு. மனு மேலேருந்து கீழ எறங்கி டெப்போவுக்கு வந்துச்சு. டெப்போவுல கூப்புட்டுச் சொல்லிட்டாங்களாம்: "இது எம்மெல்லே சபையில கேட்டு, அமைச்சரு பதில் சொல்லிக் குடுத்த வண்டிம்மா. இதுல நாங்க கை வைக்க முடியாது. திரும்ப அவரே எந்திரிச்சுக் கேட்டாத்தான்."

அத கேட்டதும் நேரா பெரியப்பா வூட்டுக்குப் போயிட்டேன். ஞாயித்துக்கெழம. மனு குடுக்க வந்தவங்க போனப்பறம், ஒரு மொறத்துல கருவாட்டக் கொட்டி தல கிள்ளிட்டு ஒக்காந்திருந்தாரு. பெரியம்மா போட்ட வேல.

"பெரியப்பா, நம்ம வண்டி எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?"

"டெப்போலேருந்து."

"வெளையாடாதீங்க."

கருவாட்ட கீழ வைக்காமயே சொன்னாரு. "டெப்போ மேனேஜரு போன் பண்ணாருடா. சார், புது வண்டி கெடையாது, ஹால்ட்டுன்னா எங்கயாவது ஒன்ன புடுங்கித்தான் குடுக்கணும், பரவால்லியான்னாரு. நீங்களே பாத்து செய்யிங்கன்னேன்."

"எங்கேருந்துன்னு கேக்கலியா?"

"கேக்கல."

"ஏன்?"

இன்னொரு கருவாட்டுத் தலையக் கிள்ளிப் போட்டாரு. "கேட்டா தெரிஞ்சுருமுல்ல"ன்னாரு.

நான் சண்ட போடத்தான் போனேன். அந்த பதில கேட்டதும் சண்டைக்கு எடமே இல்லாம போச்சு. ஏன்னா டிரைவரு சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு செமஸ்டரு முழுக்க அதே இஞ்சினு பக்கத்து சீட்டுலதான் ஒக்காந்து போனேன். நாம எறங்கி நடந்தா மட்டும் அவளுக்கு வண்டி வந்துருமான்னு மனசுக்குள்ள லாஜிக்கு வேற பேசிக்கிட்டேன். பெரியப்பாவும் அந்த ஊரு பக்கமே போறதில்லியாம். வரதராஜன்பேட்டையில கல்யாணம்னா கூட சுத்திக்கிட்டு வேற ரோட்ல போறாராம். பெரியம்மா உள்ளேருந்து போட்டுக் குடுத்துச்சு.

"வழி இருக்கு பெரியப்பா. வண்டி அவங்க ஊர்லயே நிக்கட்டும். காலையில கெளம்பி நம்மூரு வழியா வரட்டும். நம்ம மனுவுல மொதல்ல கேட்டது அதான. நாந்தான் ஹால்ட்டுன்னு மாத்துனேன்."

"வண்டி குடுத்ததுக்கு சபையில நன்றி வேற சொல்லித் தொலைச்சுட்டேனே. பதிவாயிருச்சு. இப்ப போயி எந்திரிச்சு, குடுத்தத எடுத்துக்கங்கன்னு சொன்னா சிரிப்பாங்க."

"டீக்கடையில டெய்லி சிரிக்கிறாங்கல்ல?"

"அது நான் சிரிக்க வைக்கிறது. இது அவங்களா சிரிக்கிறது."

விசயம் எப்படியோ ஊருக்குள்ள பரவிருச்சு. அடுத்த நாளு பஸ் ஸ்டாப்புல ஒரே கச்சேரி. பக்கத்து வூட்டு அத்ததான் ரொம்ப ஆடுச்சு. "அங்கேருந்து கெளம்பி வந்தா சீட்டெல்லாம் அவளுங்க புடிச்சுக்குவாளுங்க. நம்ம புள்ளைங்க கம்பியப் புடிச்சுத் தொங்கணுமா? வாங்கிக் குடுத்த கையாலயே புடுங்கிக் குடுக்கப் போறாராக்கும் ஒங்க பெரியப்பா." எங்கம்மா வேற, "நீ என்ன அந்த ஊருக்கு எம்மெல்லேவா?"ன்னுச்சு. நான் பதிலுக்கு எகிறுனேன்தான். ஆனா உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடுச்சு பாருங்க. ஆமால்ல, இனிமே நின்னுக்கிட்டுத்தான் போவணும். அந்த நெனப்பு வந்ததுக்கு என்னைய செருப்பாலயே அடிக்கலாம்.

அடுத்த மானியக் கோரிக்கைக்கு மறுபடி எழுதுனேன். இந்த தடவ ஒரே பக்கம். பெரியப்பா வாங்கிப் பாத்துட்டு பின்பக்கம் திருப்பிப் பாத்தாரு.

"தலைவர எங்க காணோம்?"

"மணி அடிச்சிருவாங்க. மொதல்ல இத சொல்லுங்க. நேரம் இருந்தா வணங்கிக்கங்க."

"என்னையும் ஹால்ட்டு பண்ண வைக்கப் போற."

போனாரு. எந்திரிச்சாரு. என்ன நடந்துச்சுன்னு ஊருக்கு வந்தப்பறம் அவரே சொன்னாரு. பேப்பர எடுத்துப் படிச்சா பாதியில கண்ணு தண்ணி கட்டிக்கிச்சாம், எழுத்து தெரியலயாம். மடிச்சுப் பாக்கெட்டுல வச்சுட்டு டீக்கடையில பேசுற மாதிரியே பேசிட்டாராம். "போன வருசம் ஒரு வண்டி கேட்டேன், குடுத்தீங்க, நன்றியும் சொன்னேன். அது பக்கத்து ஊரு வண்டின்னு எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சுக்கல. அந்த ஊருக்கும் நாந்தான் எம்மெல்லே. அத அங்கயே நிக்க வைங்க, எங்க ஊரு வழியா வந்தா போதும்." சபையில சிரிச்சாங்களாம். குடுத்தத திருப்பிக் குடுக்குற உறுப்பினர இன்னைக்கித்தான் பாக்குறேன்னு பக்கத்துல இருந்தவரு தொடையில தட்டுனாராம். மணி அடிக்கவே இல்லியாம்.

"நேரம் மிச்சம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒக்காந்துட்டேன்."

ஒரு நன்றி கூட சொல்லல. அதனாலதானான்னு தெரியல, அடுத்த எலெக்சன்ல கட்சி வேற ஆள நிறுத்திருச்சு. அவரு அத பத்திப் பேசவே மாட்டாரு.

ஆர்டரு வர்றதுக்குள்ள லீவே முடிஞ்சுருச்சு. அவளுக்கு ஹால் டிக்கெட் குடுக்காதது ஏப்ரல்லயே. எச்ஓடி ரூமு வாசல்ல நானும் கூட நின்னேன். ஃபைன் கட்டுறேன்னு அவங்கம்மா கெஞ்சுச்சு. ஃபைன் கட்டுற லிமிட்டயும் தாண்டிருச்சும்மா, நாங்க என்ன பண்றதுன்னாங்க. வெளிய வந்து அந்தம்மா என் தலையில கைய வச்சு, "நீ போய் எழுதும்மா, நேரமாச்சு"ன்னுச்சு. நான் உள்ள போய் எழுதுனேன். அந்த பேப்பர்ல நல்ல மார்க்கு.

ஜூன்ல நான் ஃபைனல் இயர். வண்டி அவ ஊருக்கே திரும்பப் போயிருச்சு, டிரைவரோட, மெத்தையோட. டெய்லி காலையில அவ வூட்டு வாசல்ல நின்ன வண்டி கெளம்பி வரும். அவ வாசல்லயே நிப்பாளாம். டிரைவரண்ணே ஆரன் அடிப்பாராம், இவ கைய ஆட்டிட்டு உள்ள போய் அம்மாவோட தையல் மிசின்ல ஒக்காந்துருவாளாம். அந்த செமஸ்டரு டிசம்பர்லதான் திரும்ப வரும். அதுவரைக்கும் அவ எங்கயும் போறதுக்கில்ல. அந்த மாசமெல்லாம் நான் கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டுத்தான் போனேன். கையி வலிக்கும். வலிக்கட்டும்னு இருக்கும். ஆனா நான் நின்னா அவ ஒரு வருசம் திரும்ப வருமா. அப்பறம் அதுவும் ஒரு சீனு மாதிரி தோண ஆரம்பிச்சுருச்சு.

அவங்கப்பாகிட்ட டிரைவரண்ணேதான் பேசினாராம். "நான் கூட்டிட்டுப் போயி நான் கூட்டிட்டு வரேன், என் பொறுப்பு"ன்னு, சோறு போட்ட வூட்ல ஒக்காந்து. டிசம்பர்ல ஒரு காலையில வண்டி எங்க ஸ்டாப்புல வந்து நின்னுச்சு. அத்த சொன்னது கரெக்ட்டு, சீட்டெல்லாம் ஃபுல்லு. நான் ஏறி கம்பியப் புடிச்சேன். மூணாவது சீட்டுல சன்னலோரமா ஊதா சுடிதாரு. பக்கத்து சீட்டுல அவ பை.

"வந்து ஒக்காரு."

"யாருக்குடி போட்டு வச்சிருக்க?"

"கவர்னருக்கு. ஒக்காருடி லூசு, எல்லாரும் என்னையவே மொறைக்கிறாங்க."

ஒக்காந்தேன். அவ ஜூனியருங்க க்ளாஸுக்குப் போவா, நான் என் க்ளாஸுக்குப் போவேன். மறுநாளும் பை. அதுக்கு மறுநாளும். வேணாம்டின்னு ஒரு தடவ சொல்லிப் பாத்தேன், "ஏன், எங்க ஊரு சீட்டு குத்துதா?"ன்னா. டிகிரி முடிக்கிற வரைக்கும் நான் ஒரு நாளு கூட நிக்கல. எதுக்கு ஆசப்பட்டு ஹால்ட்டுன்னு எழுதுனேனோ, அது கெடச்சுருச்சு. அவ கையால கெடச்சுச்சு.

என் கடைசி பரீட்ச அன்னைக்கி திரும்பி வர்றப்ப கேட்டேன். "நாளையிலேருந்து பைய எங்க வைப்ப?"

"அடுத்த வருசம் ஒங்க ஊர்லேருந்து யாராவது பொண்ணு காலேஜ் வருதான்னு பாத்து சொல்லு. போட்டு வைக்கிறேன். ஏறுறப்பவே ஃபுல்லா இருந்தா பாவமா இருக்கும்ல."

சொன்னேன். ஜூன்லேருந்து அந்த சீட்டுல பக்கத்து வூட்டு அத்த மவ ஒக்காந்து போவுது.